ஒரே தோட்டத்தில் மேற்கே தேக்கு தடிக்கிறது, கிழக்கே குச்சியாக நிற்கிறது. மண்ணில் எந்தச் சத்து குறைவு?

பச்சைமலைச்சாரல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். துறையூர் பக்கம், பச்சைமலை அடிவாரத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் தேக்கு இருக்கிறது. 2016 ஐப்பசியில் மழை பிடித்த கையோடு நட்டது. பத்துக்குப் பத்து அடி இடைவெளி, ஒரே நாற்றங்காலில் ஒரே நாளில் வாங்கிய நாற்றுக்குச்சிகள். நட்ட முதல் மூன்று வருஷம் எல்லா மரத்துக்கும் ஒரே மாதிரி சொட்டுநீர் விட்டோம், அப்புறம் மழையை நம்பி விட்டுவிட்டோம்.

மேற்கே மலைப்பக்கம் இருக்கிற மரங்களை இரண்டு கையால் சேர்த்துப் பிடித்தாலும் விரல்கள் தொடாது, கிழக்கே போகப் போக மெலிந்துகொண்டே வந்து, கடைசிப் பத்து வரிசை என் முழங்கால் தடிமன்கூட இல்லை. அப்பா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்துவிடுவார். எனக்கு அதுதான் அதிக வருத்தம்.

இரண்டு வருஷத்துக்கு முன் மண் பரிசோதனை செய்தேன். தோட்டம் முழுக்கப் பத்து இடத்தில் எடுத்துக் கலந்து ஒரே மாதிரியாகக் கொடுத்தது. முடிவு இப்படி: பி.எச். (கார அமில நிலை) 8.1, உப்பின் நிலை 0.3, அங்ககக் கரிமம் 0.36 சதவீதம், ஹெக்டேருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 182 கிலோ, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 13 கிலோ, சாம்பல் சத்து (பொட்டாசியம்) 305 கிலோ, துத்தநாகம் 0.7 பி.பி.எம். தழை குறைவு, மணி நடுத்தரம், சாம்பல் அதிகம் என்று போட்டிருந்தது. உரக்கடையில் காட்டினேன். யூரியாவும், மணிச்சத்துக்கு டி.ஏ.பி.யும், நுண்ணூட்டக் கலவையும் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் கிழக்குப் பக்கத்துக்கு மட்டும் கூடுதலாகவே வைத்தேன். செலவுதான் ஆனது, மரத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை.

என் கேள்வி இதுதான். மண்ணில் இருக்கிற சத்துக்கும் மரம் வளர்வதற்கும் நேரடி உறவு இருக்கிறதா? இருந்தால் அதை ஒரு தோட்டத்துக்குள் எப்படிக் கண்டுபிடிப்பது? இன்னும் என்ன உரம் போட வேண்டும் என்று சொன்னால் போட்டுவிடுகிறேன், இதை இப்படியே விட மனசு வரவில்லை.


சருகுக்காடு எழுதியது:

தம்பி, முதலில் உரம் வைப்பதை நிறுத்துங்கள். நான் வனவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், தேக்குக் காட்டில்தான் அதிக நாள் இருந்தேன்.

உங்கள் பரிசோதனையில் தவறு நடந்தது ஆய்வகத்தில் இல்லை, மண் எடுத்த விதத்தில். தடித்த மரத்தடி மண்ணையும் மெலிந்த மரத்தடி மண்ணையும் ஒன்றாகக் கலந்து கொடுத்திருக்கிறீர்கள். நீங்கள் தெரிந்துகொள்ள நினைத்தது அந்த இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை. கலந்த உடனே அந்த வித்தியாசம் போய்விட்டது. 182 என்ற எண் உங்கள் தோட்டத்தில் எந்த இடத்திலும் இல்லாத மண்ணுடைய எண்ணாகக்கூட இருக்கலாம்.

மரப் பயிருக்கு முறையே வேறு. முதலில் மரத்தை அளக்க வேண்டும், பிறகுதான் மண். எட்டு வருஷமாக அந்த மண்ணில் நின்று தின்று வளர்ந்தது மரம்தானே, அதைவிட நல்ல சோதனைக்குழாய் எது? தையற்காரர் டேப் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது நாலரை அடியில், மரத்தின் சுற்றளவைப் பாருங்கள். வனத்துறையில் மார்பளவு உயரம் என்று சொல்வது அதைத்தான். சரிவில் நிற்கிற மரமானால் மேட்டுப் பக்கம் நின்று அளங்கள். மூன்றாவது வரிசைக்கு ஒரு வரிசை, அதில் மூன்றாவது மரத்துக்கு ஒரு மரம் என்று போனால் மூன்று ஏக்கருக்கும் நூற்று முப்பது நாற்பது மரம் வரும், ஒரு காலைப் பொழுது போதும். கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டத்துக்கு ஒரு மரமாக எண்ணை எழுதி, 50 செ.மீ.க்கு மேல் பச்சை, 35க்குக் கீழே சிவப்பு என்று தீட்டிப் பாருங்கள். எங்கே தோண்ட வேண்டும் என்று அந்தத் தாளே காட்டிவிடும்.

சுற்றளவு மட்டும் போதாது, உயரத்தையும் பார்க்க வேண்டும். நெருக்கமாக நின்றால் மரம் மெலியும், இடம் கிடைத்தால் தடிக்கும். ஆனால் அந்த இடத்தில் நிற்கிற உயரமான மரங்களின் உயரம் இடைவெளியால் அவ்வளவாக மாறாது. அதனால்தான் தேக்குக் காட்டின் தளத் தரத்தை முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிக்கும்போது வயதையும் உச்சி உயரத்தையும் வைத்துப் பிரிப்பார்கள். கிழக்கே தடிமனும் குறைவு, உயரமும் குறைவு என்றால் கோளாறு இடத்தில்தான்.

அப்புறம் குழி. நல்ல இடம், நடு இடம், மோசமான இடம் மூன்றிலும் மூன்றடி ஆழத்துக்குத் தோண்டுங்கள். நெல்லுக்கும் கடலைக்கும் எடுப்பதுபோல அரை அடியில் வி வடிவத்தில் வெட்டி எடுத்தது தேக்குக்குப் போதாது. ஓரடிக்கு ஒன்றாக மூன்று அடுக்கிலும் தனித்தனியே மண் எடுத்து, நிழலில் உலர்த்தி, நான்காகப் பிரித்து எதிரெதிர் பங்கு இரண்டைத் தள்ளித் தள்ளி, கடைசியில் அரைக் கிலோ வரும்வரை குறைத்து, அடையாளம் எழுதி அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் அந்தக் குழிக்குள் இறங்கி வேர் எங்கே போகிறது என்று கண்ணால் பாருங்கள். நிறையப் பேர் இதைச் செய்வதே இல்லை.


மண்மாதிரி எழுதியது:

நான் மண் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். மேலே ஐயா சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன், எண்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன். எண்ணைப் பார்த்து நேராக உரக்கடைக்குப் போகிறவர்கள் தினமும் வருகிறார்கள், பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.

நாங்கள் கொடுக்கும் தழைச்சத்து 280 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு. மணிச்சத்து 11க்குக் கீழே குறைவு, 22க்கு மேல் அதிகம். சாம்பல் சத்து 118க்குக் கீழே குறைவு, 280க்கு மேல் அதிகம். இந்த எல்லைகள் ஆண்டுப் பயிர்களை மனத்தில் வைத்து வந்தவை. நெல் நூறு நாளில் மேல்மண்ணிலிருந்து எடுப்பதை எடுத்துவிட்டுப் போய்விடும். மரம் வருஷக்கணக்கில் ஆழத்திலிருந்து எடுக்கிறது. இலை உதிர்வதற்கு முன்னால் அதிலிருக்கும் தழைச்சத்திலும் மணிச்சத்திலும் ஒரு பகுதியைத் தண்டுக்குள் திருப்பி இழுத்துக்கொள்கிறது, மிச்சத்தைச் சருகு வழியாகத் திரும்பவும் தன் காலடியிலேயே போட்டுக்கொள்கிறது. அதனால் நம் ஊர் மண்ணில் தழைச்சத்து எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் குறைவு என்றுதான் வரும், அதே மண்ணில் மரம் நன்றாகவும் நிற்கும்.

இன்னொன்று. நன்றாக வளர்ந்த மரத்தடியில் சத்து அதிகமாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். சில நேரம் நேர் எதிராகக் கிடைக்கும். பெரிய மரம் மண்ணிலிருந்து எடுத்துத் தன் உடம்பில் வைத்துக்கொண்டிருக்கிறது, வளராத மரம் எடுக்கவே இல்லை, அதனால் மண்ணிலேயே கிடக்கிறது. அந்த அறிக்கையை மட்டும் பார்த்தால் சத்து கூடினால் மரம் மெலியும் என்றுகூடத் தோன்றிவிடும்.

உங்கள் அறிக்கையில் என் கண் முதலில் போன இடம் பி.எச். 8.1. கலந்த மாதிரியிலேயே 8.1 என்றால் கிழக்கே அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். சுண்ணாம்பு மண்ணா என்று பாருங்கள். வீட்டிலேயே பார்க்கலாம், குழியில் எடுத்த கட்டியின் மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. நாங்கள் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பார்ப்பதும் இதுவே. அப்படி இருந்தால் நீங்கள் வைத்த டி.ஏ.பி.யின் மணிச்சத்து சுண்ணாம்போடு சேர்ந்து வேருக்குக் கிடைக்காத உருவத்துக்கு மாறியிருக்கும், மேலே தூவிய யூரியாவில் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போயிருக்கும், நுண்ணூட்டக் கலவையில் இருந்த இரும்பும் துத்தநாகமும் பூட்டப்பட்டிருக்கும். துத்தநாகம் நம் தமிழ்நாட்டு அளவுகோலில் 1.2க்குக் கீழே போனால் குறைவுதான், ஆனால் அதைப் பூட்டி வைப்பது எது என்று பார்க்காமல் மேலே மேலே போடுவதில் பயன் இல்லை.

ஒரு கேள்வி. கிழக்குப் பக்க மரங்களில் எந்த இலை மஞ்சளாகிறது? அடியிலுள்ள முதிர்ந்த இலை முழுசாக வெளுத்தால் தழைச்சத்து, மரம் பழைய இலையிலிருந்து பிடுங்கிப் புதியதற்குக் கொடுக்கிறது என்று அர்த்தம். கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு, ஏனென்றால் இரும்பை அப்படி இடம் மாற்ற மரத்தால் முடியாது. முதிர்ந்த இலையின் ஓரம் கருகினால் சாம்பல் சத்து. மழை முடிந்து இலை நன்றாக விரிந்திருக்கும்போது பார்த்துச் சொல்லுங்கள். தை மாசியில் உதிரப் போகிற இலையைப் பார்த்து எதுவும் முடிவு செய்ய வேண்டாம்.


கிணத்துமேடு எழுதியது:

இவ்வளவு தோண்டல் தேவையா? எனக்கும் இரண்டு ஏக்கர் தேக்கு இருக்கிறது, என் அனுபவத்தில் சத்தெல்லாம் அப்புறம், தண்ணீர்தான். நான் ஏழாவது வருஷம் வரை பத்து நாளைக்கு ஒரு தடவை வாய்க்காலில் விட்டேன், மரம் ஒரே சீராக வந்தது. அண்ணன் மூன்றாவது வருஷமே சொட்டுநீரை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறார். மேற்கே மலைப்பக்கம், மலையில் பெய்கிற மழை கசிந்து அந்தப் பக்கத்துக்குக் கிடைக்கிறது, கிழக்கே காய்கிறது. இதுதான் விஷயம் என்று நினைக்கிறேன். கிழக்குப் பக்கத்துக்கு மட்டும் இரண்டு கோடை தண்ணீர் விட்டுப் பாருங்கள், மண் பரிசோதனைக்குச் செலவழிக்கிற காசு மிச்சம்.


கடலோரச் சவுக்கு எழுதியது:

தேக்கைப் பற்றி எனக்குத் தெரியாது, மரக்காணம் பக்கம் மூன்று தலைமுறையாகச் சவுக்கு போடுகிறோம். மண்ணுக்கும் மரத்துக்கும் என்ன உறவு என்று கேட்டதால் எழுதுகிறேன்.

எங்கள் மண் வெறும் கடல் மணல். பரிசோதனைக்குக் கொடுத்தால் தழைச்சத்து அடிமட்டத்தில் வரும். ஆனால் சவுக்கு எழும்பி நிற்கும். சவுக்கு வேரில் பவழம் மாதிரி கொத்துக் கொத்தாக முடிச்சு இருக்கும், அதில் ஃபிரான்கியா என்ற நுண்ணுயிர் இருந்துகொண்டு காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. எங்கள் தாத்தா காலத்திலேயே புது நாற்றங்காலுக்குப் பழைய சவுக்குத் தோப்பிலிருந்து இரண்டு கூடை மண் கொண்டுவந்து தூவுவார்கள், காரணம் அவர்களுக்குத் தெரியாது, தூவாவிட்டால் நாற்று மஞ்சளாகும் என்பது தெரியும். அதனால் தழைச்சத்து அளவை வைத்துச் சவுக்கு எப்படி வரும் என்று யாரும் சொல்ல முடியாது. மணிச்சத்து கொஞ்சம் கொடுத்தால் முடிச்சும் பெருகும், மரமும் தேறும், அது கண்கூடு. ஆக, எந்த மரம் என்பதைப் பொறுத்துத்தான் எந்தச் சத்து என்ற கேள்வியே வரும்.

இன்னொரு விஷயம் மனசில் கிடக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் சவுக்குச் சருகை அடுப்புக்காகத் துடைத்து வாரிக்கொண்டு போவார்கள். மிலாறும் (மெல்லிய கிளைகளும்) போய்விடும், வெட்டியபின் வேர்க்கட்டையையும் தோண்டி எடுத்துவிடுவார்கள். ஒரே நிலத்தில் மூன்றாவது நான்காவது வெட்டுக்கு வரும்போது மரம் முன்போல இல்லை என்பதைப் பார்க்கிறேன். கட்டையில் இருக்கிற சத்து கொஞ்சம்தான், இலையிலும் மெல்லிய கிளையிலும் பட்டையிலும்தான் அதிகம். விற்கிற கட்டையோடு சேர்த்து அதையும் நிலத்தை விட்டு வெளியே அனுப்புகிறோம். நான் இப்போது சருகு வாரவிடுவதில்லை, ஊரில் சிலருக்குக் கோபம், இருந்தாலும் விடுவதில்லை.


பச்சைமலைச்சாரல் எழுதியது:

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஐயா சொன்னபடியே எல்லாம் செய்து, மண் முடிவும் கைக்கு வந்தபிறகு எழுதுகிறேன்.

முதலில் அளவு. 138 மரம் அளந்தேன். மேற்கே சராசரி சுற்றளவு 64 செ.மீ., நடுவில் 47, கிழக்கே 31. கட்டத்தாளில் வண்ணம் தீட்டியதும் அப்பா கையில் வாங்கிப் பார்த்தார். பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் கோடு நேராக இல்லை, வடகிழக்கு மூலையிலிருந்து நாக்கு மாதிரி சிவப்பு உள்ளே நீண்டிருந்தது. அந்த நாக்குக்குப் பக்கத்திலேயே, கிழக்குப் பாதியில், பதினான்கு மரம் மட்டும் 70க்கு மேல் தனியாகப் பச்சையாக நின்றது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா பார்த்த உடனே சொல்லிவிட்டார், "அது ஆட்டுப்பட்டி இருந்த இடம்டா". நான் பிறப்பதற்கு முன்னால் தாத்தா இருபது வருஷம் அங்கேதான் ஆடு அடைத்தாராம். நானே அந்த இடத்தில் கடலை போட்டிருக்கிறேன், பட்டி இருந்தது எனக்குத் தெரியாது.

குழி நான்கு தோண்டினோம், பட்டி இடத்தில் ஒன்று சேர்த்து. மேற்கே மூன்றடிக்கு மேலும் செம்மண்தான், கடப்பாரை வழுக்கிக்கொண்டு இறங்கியது. கிழக்கே ஒன்றரை அடியில் கடப்பாரை டங்கென்று நின்றது. சுக்கான். வெள்ளை வெள்ளையாகக் கல்லும் மண்ணும் இறுகிக் கிடக்கிறது. குழியின் பக்கச் சுவரைக் கையால் சுரண்டிப் பார்த்தேன், கட்டைவிரல் தடிமன் வேர் ஒன்று நேராக இறங்கி வந்து, சுக்கான் மேல் முட்டி, சப்பையாக நசுங்கி, அப்படியே பக்கவாட்டில் திரும்பி அந்தக் கல் மேலேயே படர்ந்து போயிருந்தது. அதைப் பார்த்தபோது இரண்டு வருஷம் நான் அதன் தலைமேல் யூரியாவைக் கொட்டியது ஞாபகம் வந்தது. மேடம் சொன்னபடி எலுமிச்சம்பழம் பிழிந்தேன், சுர்ரென்று சத்தம் கேட்டு நுரைத்தது. மேற்கு மண்ணில் ஒன்றும் ஆகவில்லை.

ஆய்வு முடிவு, மேலடுக்கு மட்டும் சொல்கிறேன். மேற்கு: பி.எச். 7.4, தழை 176, மணி 12, சாம்பல் 240. கிழக்கு: பி.எச். 8.4, தழை 190, மணி 12, சாம்பல் 330. பட்டி இடம்: பி.எச். 7.8, தழை 215, மணி 38, சாம்பல் 390. பட்டி இடத்தில் சுக்கான் இரண்டே முக்கால் அடிக்குக் கீழேதான் வருகிறது.

மெலிந்த பக்கத்தில்தான் தழையும் சாம்பலும் அதிகம். இந்தக் களத்தில் கேட்டிருக்காவிட்டால் இந்த அறிக்கையைப் பார்த்துக் குழம்பியே போயிருப்பேன். இலை விஷயம்: கிழக்கே கொழுந்துதான் மஞ்சள், நரம்பு பச்சை.

கிணத்துமேடு அண்ணனுக்கு: எங்கள் கிணறு கிழக்கு ஓரத்தில்தான் இருக்கிறது, சொட்டுநீர் அழுத்தமும் அந்தப் பக்கம்தான் நன்றாக இருந்தது. அப்போதும் அது மெலிந்துதான் வந்தது.

இனி என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள். சருகு பற்றியும் சொல்லிவிடுகிறேன், மாசியில் கூட்டிக் கிழக்கு வரப்போரம் எரித்துவிடுவோம், பீடி நெருப்பு விழுந்துவிடும் என்ற பயம்.


சருகுக்காடு எழுதியது:

தம்பி, மனசுக்கு நிறைவாக இருக்கிறது. அந்த வேரைப் பற்றி எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

31க்கும் 64க்கும் இரண்டு மடங்கு என்று நினைக்க வேண்டாம். மரத்தின் குறுக்குப் பரப்பு சுற்றளவின் வர்க்கத்தில் போகும், அதனால் நாலு மடங்குக்கு மேல். உயரத்தையும் சேர்த்தால் கன அடியில் வித்தியாசம் இன்னும் பெரிது.

கிணத்துமேடு தம்பி சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள், அதில் பாதி உண்மை இருக்கிறது. ஒன்றரை அடி மண் பிடித்துவைக்கும் தண்ணீர், நாலரை அடி மண் பிடிப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். சத்துக்கும் அதே கணக்கு. ஆய்வகம் அரைக் கிலோ மண்ணைப் பார்த்து ஹெக்டேருக்கு இவ்வளவு என்று சொல்கிறது, ஆனால் மரத்துக்குக் கிடைப்பது அந்த அளவு மட்டும் இல்லை, அது எத்தனை அடி ஆழத்துக்கு இருக்கிறது, அங்கே வேர் போக வழி இருக்கிறதா, போனால் எடுக்க ஈரம் இருக்கிறதா என்பதெல்லாம் சேர்ந்ததுதான். தேக்கு சுண்ணாம்புச்சத்தை விரும்புகிற மரம், அதில் சந்தேகம் இல்லை, ஆனால் கல்லாக இறுகிய சுண்ணாம்பை இல்லை. ஆழமான, நீர் தேங்காத, பி.எச். 6.5க்கும் 7.5க்கும் நடுவில் இருக்கிற மண்தான் அதற்குப் பிடித்தது. 1840களில் கேரளத்து நிலம்பூரில் தேக்குத் தோட்டம் தொடங்கியபோது சாலியாற்றங்கரையில் போட்டார்கள், அந்த ஆற்று வண்டலில் நின்ற தேக்குதான் இன்றைக்கும் பேர் வாங்கிக்கொண்டிருக்கிறது.

உங்கள் தோட்டத்தில் சத்துக்கும் வளர்ச்சிக்கும் நேரடி உறவு தெரிகிற இடம் ஒன்று உண்டென்றால் அது பட்டி இடம். மேற்கிலும் கிழக்கிலும் மணிச்சத்து 12, அங்கே 38. மணிச்சத்து மண்ணில் நகராது, மழையில் அவ்வளவாக அடித்துப் போகாது, அதனால்தான் அத்தனை வருஷம் கழித்தும் அங்கேயே இருக்கிறது. ஆழம் மேற்கை விடக் குறைவாக இருந்தும் அந்தப் பதினான்கு மரமும் மேற்கை மிஞ்சி நிற்கிறது பாருங்கள். ஆட்டுப் புழுக்கையில் வந்த அங்ககமும் அதற்குத் துணை. அப்படியானால் மேற்கு மரங்களுக்கும் மணிச்சத்து தேவைப்படுகிறது என்று அர்த்தம், நீங்கள் உரத்தைக் கிழக்கே கொட்டிக்கொண்டிருந்தீர்கள், அதற்குப் பதில் சொல்லக்கூடிய மண் மேற்கே இருந்தது. மேற்கில் மட்டும் இரண்டு வரிசைக்கு, வேர் வெட்டுப்படாமல் ஆழமற்ற வட்டம் எடுத்து, தொழு உரத்தோடு கலந்த சூப்பர் பாஸ்பேட் என்ற மணிச்சத்து உரத்தை வைத்துவிட்டுப் பக்கத்து இரண்டு வரிசையைச் சும்மா விடுங்கள். ஒரு வருஷம் கழித்து இரண்டையும் அளந்து பார்த்துவிட்டு மேலே செய்யலாம். எட்டு வயதாகி, கிளைகள் ஒன்றோடொன்று தொட்டு விதானம் மூடிய தேக்கு, இளங்கன்று மாதிரி உரத்துக்குத் துள்ளாது, அதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிழக்கே நின்ற மரத்துக்குக் கீழே சுக்கானை உடைக்க முடியாது, நடுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை அது. இப்போது செய்யக்கூடியது, அங்கே மிக மெலிந்ததாகப் பார்த்து மூன்றில் ஒன்றை எடுத்துவிடுவது, நிற்கிற மரத்துக்குக் கொஞ்சம் மண் கூடும். சரிவுக்குக் குறுக்கே, இரண்டு வரிசைக்கு நடுவில், ஒன்றரை அடி ஆழத்தில் துண்டு துண்டாகக் குழி வெட்டிச் சருகை நிரப்புங்கள். மழைத் தண்ணீரும் நிற்கும், சருகும் மட்கும். வடகிழக்கு மூலையில், சிவப்பு நாக்கு தொடங்குகிற இடத்தில், தேக்கை நம்ப வேண்டாம். அங்கே வேம்பு வரும், சுக்கானிலும் கல்லிலும் அது பிழைத்துக்கொள்ளும். அப்பாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

சருகை மட்டும் தயவுசெய்து எரிக்காதீர்கள். எரித்தால் தழைச்சத்தும் கந்தகமும் புகையோடு போய்விடும், மிச்சமிருக்கிற சாம்பல் மூன்று ஏக்கருடைய சத்தையும் ஒரே வரப்பில் குவித்துவிடும், அதுவும் ஏற்கெனவே 8.4 இருக்கிற கிழக்கில். தெற்கு ஆஸ்திரேலியாவில் பைன் தோட்டங்களில் இரண்டாவது தடவை நட்ட மரம் முதல் தடவையைவிட மட்டமாக வந்தது என்று 1960களில் பெரிய கவலை கிளம்பியது. வெட்டிய கழிவை எரித்துவந்தது அதற்கு முக்கியமான ஒரு காரணம் என்று கண்டுபிடித்தார்கள், கழிவை மண்ணிலேயே விட ஆரம்பித்ததும் நிலைமை தேறியது. நெருப்புப் பயம் நியாயமானதுதான். அதற்குத் தோட்டத்தைச் சுற்றிப் பத்தடி அகலத்துக்கு உழுது வெற்றுத் தரையாக வையுங்கள், உள்ளே சருகு கிடக்கட்டும்.


மண்மாதிரி எழுதியது:

கொழுந்து மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்புதான், பி.எச். 8.4ல் எதிர்பார்த்ததே. அன்னபேதியை (இரும்பு சல்பேட்) வாங்கி மண்ணில் கொட்டிவிடாதீர்கள், சுண்ணாம்பு மண்ணில் அதுவும் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும், அந்த உயரத்துக்கு இலைவழியாகத் தெளிக்கவும் முடியாது. ஐயா சொன்ன சருகுக் குழியில் தொழு உரத்தோடு கலந்து வைத்தால் கொஞ்சம் கிடைக்கலாம், சில மரத்துக்கு மட்டும் செய்து பாருங்கள். ஏரி வண்டல் கொண்டுவந்து போடும் எண்ணம் இருந்தால், அதையும் ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்து பார்த்துவிட்டுக் கொட்டுங்கள், உங்கள் பக்கத்து ஏரிகளில் சிலவற்றில் வண்டலே சுண்ணாம்பாக இருக்க வாய்ப்பு உண்டு.


பச்சைமலைச்சாரல் எழுதியது:

ஐயாவுக்கும் மேடத்துக்கும், எழுதிய எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் சொன்னேன். வேம்பு என்றதும் ஒரு நிமிஷம் பேசவில்லை, அப்புறம் அந்த மூலையில் முன்பு இரண்டு வேம்பு நின்றதாகவும், தேக்கு நடுவதற்காக நாங்களே வெட்டியதாகவும் சொன்னார். மேற்கே நான்கு வரிசையில் பெயிண்ட் அடித்து அளவுக்கோடு போட்டுவிட்டேன், இரண்டுக்கு உரம், இரண்டுக்குச் சும்மா. எந்த மாதம் அளந்தால் சரியாக இருக்கும்?


சருகுக்காடு எழுதியது:

எந்த மாதமானாலும் சரி, இரண்டு தடவையும் ஒரே மாதமாக இருக்க வேண்டும். மழையில் பட்டை ஊறித் தடிமன் கூடுதலாகக் காட்டும், கோடையில் சுருங்கும். தை என்றால் தை. கோட்டின் மேல் விளிம்பிலேயே டேப்பை வையுங்கள், உரிகிற பட்டையைக் கையால் தட்டிவிட்டு அளங்கள். பட்டி மரம் பதினான்கையும் சேர்த்து அளந்து இங்கே போடுங்கள்.